கணக்குப் புத்தகம் கைமாறிய கதை

சென்னை இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களின் கல்விக்கென அமைந்த ஹோபார்ட் பள்ளியை அறியாத முஸ்லிம் குடும்பம் அந்நகரில் குறைவு. எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தின் படிகளை ஏறி இறங்காத படிப்பாளியும் குறைவு. இவ்விரண்டும் சென்னை மாகாணத்தை ஆண்ட இரண்டு கவர்னர்களை நினைவூட்டும் பெயர்கள். ஹோபார்ட் பிரபு 1872 முதல் 1875 வரை கவர்னராக இருந்து, பதவியில் இருக்கும்போதே சென்னையில் காலமானவர். கன்னிமாரா பிரபு 1886 முதல் 1890 வரை அப்பதவியில் இருந்தவர். அதற்கு முன் அவர் பெயர் ராபர்ட் பூர்க்.

இவ்வளவும் பலர் அறிந்தவையே. ஆனால் இவ்விருவருக்கும் இடையே மற்றோர் ஒற்றுமை உண்டு. சென்னைக்கு வருவதற்கு முன் இருவருமே இஸ்தான்பூல் சென்று, உதுமானியப் பேரரசின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள். முன்னவர் 1861இல் சென்றார். அந்தப் புத்தகத்தைச் சீர்செய்வது எப்படி என்று ஆராய்ந்து சொல்லச் சென்றார். பின்னவர் 1881இல் சென்றார்; கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதியாகப் பேரம் பேசச் சென்றார். ஆலோசகர் வந்த வாசல் வழியே கடன்காரர் வருவதற்கு இருபது ஆண்டுகளே போதுமாயிருந்தன.

நம் பாட்டனார் காலத்துப் புகைப்படங்களில் துருக்கித் தொப்பி அணிந்த முகங்களைக் காண்கிறோம். நம் நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆ குத்பாவில் துருக்கி சுல்தானின் பெயர் ஓதப்பட்ட காலம் அது. 1919ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த கிலாபத் இயக்கத்துக்காக உண்டியல் ஏந்தியவர்களும், நகை கழற்றிக் கொடுத்தவர்களும் நம் குடும்பங்களில் இருந்தனர். அந்தப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், போரைச் சொல்வோம்; சூழ்ச்சியைச் சொல்வோம். பீரங்கி முழங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேனா முனை அதன் அடித்தளத்தைத் தோண்டத் தொடங்கிவிட்டது என்பதை நாம் அதிகமாகப் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பேச எண்ணுகிறோம்.

சீர்திருத்தம் தேடிய சுல்தான்

1839ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், இஸ்தான்பூல் அரண்மனையின் குல்ஹானே என்னும் ரோஜாத் தோட்டத்தில் அரசாணை ஒன்று வாசிக்கப்பட்டது. அரியணையில் இருந்தவர் பதினாறு வயது நிரம்பிய சுல்தான் அப்துல் மஜீத். ஆணையை வாசித்தவர் அமைச்சர் முஸ்தபா ரஷீத் பாஷா. குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு, வருவாய்க்கேற்ற வரி, வரிக் குத்தகை ஒழிப்பு. இவை அவ்வாணையின் வாக்குறுதிகள். 'தன்ஸீமாத்' என்று வரலாறு கூறும் சீர்திருத்த காலம் இதனோடு தொடங்குகிறது.

வரிக் குத்தகை என்பது என்ன? கிராமத்துக் குளத்து மீனையும் தோப்புத் தேங்காயையும் ஏலம் விடுவது நாம் அறிந்ததே. அவ்வாறே ஒரு மாவட்டத்தின் விளைச்சல் வரியை அரசு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவன் குறித்த தொகையை அரசுக்குக் கட்டிவிட்டு, உழவனிடமிருந்து இயன்றதையெல்லாம் கறந்துகொண்டான். இடையில் நின்றவன் கொழுத்தான், உழவன் மெலிந்தான், கஜானாவுக்கு வந்ததோ சிறு பகுதி. எந்த ஊரில் உண்மையில் எவ்வளவு வசூலானது என்பது அரசுக்கே தெரியாது.

1840இல் குத்தகையை நீக்கிவிட்டுச் சம்பளம் பெறும் வசூல் அதிகாரிகளை அரசு அனுப்பிப் பார்த்தது. பயிற்சி பெற்றவர் இல்லை, நில அளவை இல்லை, பதிவேடு இல்லை. வருவாய் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் பழைய குத்தகை முறையே திரும்பி வந்தது. இதற்கிடையில் செலவைச் சமாளிக்க 'காயிமே' என்னும் காகிதப் பணம் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் அது கையால் எழுதப்பட்டதாதலின் கள்ளத்தாள்கள் பெருகின.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. நிர்வாகத்தைச் சீர்திருத்தப் பணம் வேண்டும்; பணம் வர வேண்டுமானால் நிர்வாகம் சீர்திருந்த வேண்டும். இந்த வட்டத்துக்குள் சிக்கிய அரசுக்கு வெளியே செல்ல ஒரே வாசல்தான் கண்ணில் பட்டது. அதன் பெயர் வெளிநாட்டுக் கடன்.

முதற் கடன்

அந்த வாசலைத் திறக்க சுல்தான் அப்துல் மஜீத் அஞ்சினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1850களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அமைச்சர்கள் பேசி முடித்த கடன் ஒன்றை அவர் ஏற்க மறுத்தார். ஒப்பந்தத்தை முறித்ததற்கு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தும் அவர் இசையவில்லை.

ஆனால் 1853இல் ரஷ்யாவுடன் கிரிமியப் போர் மூண்டது. பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் தோழர்களாகக் களத்தில் இறங்கின. தோழர்கள் பீரங்கியோடு பணப்பையையும் கொண்டுவந்தனர். 1854இல் முதற் கடன் வாங்கப்பட்டது. தொகை முப்பது லட்சம் பவுன். வட்டி நூற்றுக்கு ஆறு. ஈடு, எகிப்து ஆண்டுதோறும் சுல்தானுக்குச் செலுத்திவந்த கப்பம்.

இக்கடனின் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். நூறு பவுனுக்கான பத்திரம் எண்பது பவுனுக்கே விற்கப்பட்டது. எழுதிக் கொடுத்தது நூறு, வந்தது எண்பது, அதிலும் தரகு கழியும். வட்டியோ நூற்றுக்கும் கட்ட வேண்டும். அசலும் நூறாகவே திரும்ப வேண்டும். ஆறு என்று சொல்லப்பட்ட வட்டி உண்மையில் ஏழரைக்குக் குறையவில்லை. முன்வட்டி பிடித்துக்கொண்டு பணம் தரும் வட்டிக்கடையில் கைந்நாட்டு வைத்த எந்த ஏழையும் இக்கணக்கை உடனே புரிந்துகொள்வான்.

அடுத்த ஆண்டே இரண்டாம் கடன். ஐம்பது லட்சம் பவுன். வட்டி நூற்றுக்கு நான்குதான். பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகள் பொறுப்பேற்றதால் பத்திரம் முகமதிப்புக்கும் சற்று மேலாகவே விலை போயிற்று. ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஒரு விலை இருந்தது. கடன் தொகை போருக்கே செலவாகிறதா என்று கண்காணிக்க இரு நாடுகளின் ஆணையர்கள் இஸ்தான்பூல் வந்தனர். துருக்கியின் செலவுக் கணக்கை அந்நியர் மேற்பார்த்தது அதுவே முதன்முறை. குறைந்த வட்டிக்கு மகிழ்ந்தவர்கள் அந்த நாற்காலிகளைப் பெரிதாக எண்ணவில்லை.

ஹோபார்ட் பிரபுவின் அறிக்கை

போர் முடிந்தது, கடன் முடியவில்லை. 1856ஆம் ஆண்டின் இஸ்லாஹாத் என்னும் சீர்திருத்த ஆணை, வங்கிகள் அமைப்பதையும் நிதித்துறையைத் திருத்துவதையும், இதற்கெல்லாம் ஐரோப்பாவின் அறிவையும் மூலதனத்தையும் பயன்படுத்துவதையும் வெளிப்படையாகவே பேசிற்று. காயிமே தாள்களைத் திரும்பப் பெறவென 1858இல் ஒரு கடன் வாங்கப்பட்டது; தாள்கள் முழுவதும் திரும்பவில்லை. 1860இல் பாரிஸில் ஏற்பாடான கடன், அதை ஏற்ற வங்கியாளரே வீழ்ந்ததால் பாதியில் நின்றது. இஸ்தான்பூல் கடைவீதியில் காகிதப் பணத்தின் மதிப்புச் சரிந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1861இல் ஹோபார்ட் பிரபுவும் பாஸ்டர் என்பவரும் பிரிட்டிஷ் அரசால் அனுப்பப்பட்டனர். 1862இல் வெளிவந்த அவர்களது அறிக்கையின் சாரம் இது: நாட்டின் வளம் குறைந்ததன்று, நிர்வாகமே குறையுடையது. வரியை ஒழுங்காக வசூலித்து, கணக்கை ஒழுங்காக வைத்தால் கடனைச் சுமக்கும் வலிமை இந்நாட்டுக்கு உண்டு. இந்த நோய்க்குறிப்பில் பெருமளவு உண்மை இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில நல்ல காரியங்களும் நடந்தன. அமைச்சர் புவாத் பாஷாவின் முயற்சியால், 1862இல் எண்பது லட்சம் பவுன் கடன் பெற்று, காயிமே தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் 'திவானே முஹாஸபாத்' என்னும் தணிக்கை மன்றம் தோன்றிற்று. வரவு செலவுத் திட்டங்கள் அச்சாகி வெளிவந்தன. 1863இல் ஆங்கில, பிரெஞ்சு மூலதனத்தோடு ஏகாதிபத்திய உதுமானிய வங்கி நிறுவப்பட்டு, நோட்டு வெளியிடும் உரிமையும் அதற்கே அளிக்கப்பட்டது. நாட்டின் நோட்டு இஸ்தான்பூலில் வெளியானாலும், அந்த வங்கியின் முடிவுகள் இலண்டனிலும் பாரிஸிலும் இருந்த குழுக்களின் கையில் இருந்தன. ஹோபார்ட் பிரபுவும் பின்னர் உதுமானிய வங்கியில் உயர்பொறுப்பு வகித்தார்.

ஆனால் அறிக்கையின் நல்ல பகுதி எது? வரிக் குத்தகையை ஒழிப்பதும் கணக்கை ஒழுங்காக வைப்பதும் அல்லவா? அவை கடினமானவை. உள்ளூர்ச் செல்வர்களைப் பகைக்க வேண்டும். அரண்மனைச் செலவைக் குறைக்க வேண்டும். அறிக்கையில் எளிதான ஒரு பகுதியும் இருந்தது: இந்நாடு கடனைச் சுமக்கும் வலிமையுடையது என்பதே அது. அரசும் ஐரோப்பியச் சந்தையும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வைத்தியர் எழுதித் தந்த மருந்தை வாங்காமல், 'உடல் வலுவானது' என்று அவர் சொன்னதை மட்டும் கொண்டாடும் நோயாளியின் நிலை அது.

கடனுக்குக் கடன்

1861இல் அரியணை ஏறிய சுல்தான் அப்துல் அஸீஸ் போர்க்கப்பல்களில் ஆர்வம் கொண்டவர். உலகின் பெருங் கடற்படைகளுள் ஒன்றாகத் துருக்கிக் கடற்படை வளர்ந்தது. பாஸ்பரஸ் கரையில் அரண்மனைகள் எழுந்தன. 1867இல் சுல்தான் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் விருந்தினராகச் சென்று சிறப்பிக்கப்பட்டார். சிறப்பித்தவர்களிடமே கடனும் வாங்கப்பட்டது. ஐரோப்பியப் பகுதியில் ரயில் பாதை அமைக்க பாரன் ஹிர்ஷ் என்பவருக்கு உரிமை தரப்பட்டது. அதைத் தவிர விளைவு தரும் காரியங்களுக்குச் சென்ற பணம் சொற்பமே. பெரும்பகுதி பழைய கடனின் வட்டிக்கும் தவணைக்கும் போயிற்று.

1854 முதல் 1874 வரை வாங்கிய கடன்களின் முகமதிப்பு ஏறத்தாழ 23 கோடியே 90 லட்சம் லிரா. கைக்கு வந்ததோ ஏறத்தாழ 12 கோடியே 70 லட்சம் லிரா. எழுதிக் கொடுத்ததில் பாதிக்குச் சற்றே மேல்! 1874ஆம் ஆண்டின் கடனில் நூறு லிராப் பத்திரம் நாற்பத்து மூன்றரை லிராவுக்கே விற்கப்பட்டது. நூற்றுக்கு ஐந்து என்று எழுதிய வட்டி, வந்த பணத்தோடு ஒப்பிட்டால் பதினொன்றரை ஆயிற்று.

1873இல் ஐரோப்பியப் பணச் சந்தைகளில் நெருக்கடி ஏற்பட்டது. அதே காலத்தில் அனத்தோலியாவில் கொடும் பஞ்சம். வயல் காய்ந்தாலும் வட்டி காயவில்லை. அரசின் வருவாயில் பாதிக்கு மேல் கடனுக்கே போயிற்று. 1875 அக்டோபர் 6ஆம் நாள் தலைமை அமைச்சர் மஹ்மூத் நதீம் பாஷாவின் அரசு, இனி ஐந்து ஆண்டுகளுக்கு வட்டியில் பாதியே ரொக்கமாகத் தரப்படும் என்றும், மறுபாதிக்குப் புதுப் பத்திரம் தரப்படும் என்றும் அறிவித்தது. சில மாதங்களில் அதுவும் நின்றது. பேரரசு திவாலாயிற்று. நாட்டின் வலிமையைக் கணித்துச் சொன்ன ஹோபார்ட் பிரபு, அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் கண்மூடியிருந்தார்.

1876 மே மாதத்தில் சுல்தான் அப்துல் அஸீஸ் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். ஆண்டின் இறுதியில், இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில், அரசியல் சட்டம் பிறந்தது. 1877இல் முதல் நாடாளுமன்றம் கூடியது. குடிகளின் பிரதிநிதிகள் வரவு செலவை வெளிப்படையாக விவாதித்தனர். நாட்டின் கணக்கை நாட்டு மக்களே பார்க்கும் வாய்ப்பு அன்று வாசல்வரை வந்தது. 1878 பிப்ரவரியில் சுல்தான் அம்மன்றத்தைக் கலைத்தார். முப்பது ஆண்டுகள் அது கூடவில்லை. சொந்தக் குடிகளுக்குக் காட்ட மறுத்த கணக்கை அந்நியருக்குக் காட்டும் நாள் விரைவிலேயே வந்தது.

முஹர்ரம் ஆணை

ரஷ்யாவுடன் நடந்த 1877-78ஆம் ஆண்டுப் போரில் துருக்கி தோற்றது. பெர்லின் மாநாட்டில், துருக்கியின் நிதியை ஆராயப் பன்னாட்டுக் குழு ஒன்று அமைக்கலாம் என்ற பரிந்துரை எழுந்தது. வல்லரசுகளின் அரசுகளே வந்து அமர்வதைவிடக் கடன் பத்திரம் வைத்திருப்போரின் பிரதிநிதிகளோடு பேசுவதே மேல் என்று சுல்தான் அப்துல் ஹமீத் கருதினார். அந்தப் பேச்சுக்கு ஆங்கில, டச்சுப் பத்திரதாரர்களின் சார்பில் வந்தவர்தாம், பின்னாளில் கன்னிமாரா பிரபுவாகி நம் மாகாணத்தை ஆண்ட ராபர்ட் பூர்க்.

பேச்சின் முடிவாக வெளிவந்தது ஹிஜ்ரி 1299 முஹர்ரம் 28ஆம் நாளிட்ட ஆணை. அதாவது 1881 டிசம்பர் 20. நிலுவைக் கடன் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக உப்பு, புகையிலை, பட்டு, மீன், மது, முத்திரைத் தாள் ஆகியவற்றின் வரி வருவாய், கடன் தீரும்வரை, 'துயூனே உமூமிய்யா' என்னும் பொதுக்கடன் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் மன்றத்தில் எழுவர். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகிய நாடுகளின் பத்திரதாரர் சார்பில் ஒவ்வொருவர். உள்நாட்டு வங்கியாளர் சார்பில் ஒருவர். உதுமானியப் பத்திரதாரர் சார்பில் ஒருவர். தலைமை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மாறி மாறி வரும்.

இந்த நிறுவனத்தைப் பற்றி நீதியோடு பேச வேண்டும். அதன் கணக்குகள் செம்மையாக இருந்தன, ஆண்டுதோறும் அச்சிடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் தவறாமல் கிடைத்தது. நோயால் அழிந்துகொண்டிருந்த பூர்ஸா பட்டுத் தொழிலுக்கு, பாஸ்டர் கண்ட முறையில் புழு வளர்ப்புக் கற்பிக்கும் பள்ளி 1888இல் அமைந்தது. பட்டு வருவாய் பெருகிற்று. துருக்கி உப்பு நம் இந்தியாவுக்கும் ஏற்றுமதியாயிற்று. அரசு பின்னர் வாங்கிய கடன்களுக்கு வட்டியும் குறைந்தது. ஹோபார்ட் அறிக்கை கூறிய நிர்வாகச் செம்மையில் ஒரு பகுதி நடைமுறைக்கு வந்தே விட்டது.

ஆனால் யாருக்காக? அதுதான் கேள்வி. அந்நிறுவனத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் வேலை செய்த காலம் உண்டு. நாட்டின் நிதியமைச்சகத்து ஊழியரைவிட அவர்கள் தொகை அதிகம். அவர்களிற் பெரும்பாலோர் உதுமானியக் குடிமக்களே. ஊழியன் நம்மவன், உழைப்பு நம்முடையது, கணக்கு மட்டும் பிறருடையது! அரசு வருவாயில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதன் கைவழியே சென்றது. சீர்திருந்திய வரித்துறையின் பயன் முதலில் பத்திரதாரரைச் சென்றடைந்தது. பள்ளிக்கும் பாலத்துக்கும் பழைய குத்தகை முறையே மிச்சம்.

புகையிலை உழவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1884 முதல் புகையிலை உரிமை 'ரெஜீ' எனப்பட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சென்றது. தன் நிலத்தில் தான் விளைத்த இலையைத் தான் விரும்பிய இடத்தில் விற்க உழவனுக்கு உரிமை இல்லை. கம்பெனி சொன்ன விலைக்கு மனமில்லாதவன் இரவில் மலைவழியே கடத்தினான். 'கோல்ஜு' எனப்பட்ட கம்பெனியின் ஆயுதக் காவலர்கள் சுட்டனர். கடத்தலிலும் மோதலிலும் மாண்ட உயிர்களுக்கு எந்தப் பத்திரத்திலும் முகமதிப்பு எழுதப்படவில்லை.

கடனின்றி ஓடிய ரயில்

இக்காலத்தின் மற்றொரு காட்சியையும் நாம் மறக்கலாகாது. ஜெர்மன் மூலதனத்தோடு அனத்தோலியாவிலும் பாக்தாத் திசையிலும் ரயில் பாதைகள் எழுந்தன. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு வருமானம் என்று அரசு கம்பெனிக்கு உறுதி கூறிற்று. குறைந்தால் அதை ஈடுகட்ட, அவ்வழி மாவட்டங்களின் விளைச்சல் வரி பொதுக்கடன் நிர்வாகத்தின் வசம் விடப்பட்டது.

ஆனால் 1900இல் தொடங்கிய ஹிஜாஸ் ரயில் பாதைக்கு அந்நியக் கடன் வாங்கப்படவில்லை. உலக முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. இந்திய முஸ்லிம்களும் வாரி வழங்கினர். துருக்கி அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. குர்பானித் தோல் விற்ற பணமும் சேர்ந்தது. படைவீரர்கள் தண்டவாளம் பதித்தனர். டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்து 1908இல் ரயில் மதீனாவை அடைந்தது. நன்கொடையால் ஒரு நாட்டையே நடத்திவிட முடியாது என்பது உண்மைதான். எனினும், தன் கணக்கைத் தானே எழுதிய ஒரு காரியம் எத்தகைய ஊக்கத்தோடு நிறைவேறும் என்பதற்கு அது சான்று.

நூறு ஆண்டுகளின் பின்

முதல் உலகப் போரில் பேரரசு சிதறியது. 1923ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கை, பழைய கடனை அப்பேரரசின் நிலங்களிலிருந்து பிறந்த நாடுகளுக்குப் பங்கிட்டது. பெரும்பங்கு புதிய துருக்கிக் குடியரசின் தலையில் விழுந்தது. 1925இல் குடியரசு ரெஜீயை நாட்டுடைமையாக்கிற்று. கடன் தொகையையும் தவணையையும் பற்றி 1928இலும் 1933இலும் மீண்டும் பேச்சு நடந்தது. இறுதித் தவணை 1954 மே மாதத்தில் செலுத்தப்பட்டது. 1854இல் வாங்கத் தொடங்கிய கடன் தீர நூறு ஆண்டுகள் ஆயின. கடன் வாங்கிய சுல்தானும் இல்லை, சுல்தானகமும் இல்லை, கட்டி முடித்தவர்கள் அப்பணத்தில் ஒரு காசும் காணாத பேரப்பிள்ளைகள்.

பொதுக்கடன் நிர்வாகத்துக்காக, வல்லௌரி என்னும் கட்டடக் கலைஞர் 1897இல் எழுப்பிய பெருமாளிகை இஸ்தான்பூலில் இன்றும் நிற்கிறது. 1933 முதல் அது ஒரு பள்ளிக்கூடம். வட்டிக் கணக்குப் பார்த்த அறைகளில் இன்று மாணவர் கணிதம் படிக்கின்றனர்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. 1958லேயே துருக்கி அந்நியக் கடனைக் கட்ட இயலாமல் தவணை மாற்றம் கேட்டு, தன் நாணயத்தின் மதிப்பையும் குறைத்தது. அதன் பின் பன்னாட்டு நிதியத்தோடு ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தம். 2001 பிப்ரவரியில் பெரும் நெருக்கடி வெடித்தது. அரசு வங்கிகளின் ஏடுகளில் மறைந்து கிடந்த நஷ்டங்களும், வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே வைத்திருந்த நிதிகளும் வெளிச்சத்துக்கு வந்தன. உண்மையான கடன் எவ்வளவு என்பது மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. அப்துல் அஸீஸின் காலத்து நோய் அதே முகத்தோடு திரும்பியிருந்தது.

உலக வங்கியில் உயர்பதவி வகித்த துருக்கியரான கெமால் தெர்வீஷ் நாடு திரும்பிப் பொருளாதார அமைச்சரானார். பன்னாட்டு நிதியத்தின் பெருங்கடனோடு, அரசு நிர்வாகத்தையும் நிதித்துறையையும் சீர்திருத்துவதற்கென்றே உலக வங்கி 2001இல் 110 கோடி டாலரும், 2002இல் 135 கோடி டாலரும் கடன் அளித்தது. மீண்டும் சீர்திருத்தத்துக்கான கடன், மீண்டும் நிபந்தனை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை வரி வசூலிக்க எழுவர் மன்றம் வரவில்லை. 2002 மார்ச்சில் துருக்கி நாடாளுமன்றமே பொதுக்கடன் நிர்வாகச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஓராண்டில் அரசு எவ்வளவு கடன் வாங்கலாம், யாருக்கு எவ்வளவு உத்தரவாதம் அளிக்கலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. கடன் நிலையை நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்பதும் விதியாயிற்று. அடுத்த ஆண்டு நிதி நிர்வாகம் முழுவதற்கும் புதுச் சட்டம் வந்தது. பத்தாண்டுகளில், நாட்டு வருமானத்தோடு ஒப்பிடுகையில் அரசுக் கடனின் சுமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2013 மே மாதத்தில் பன்னாட்டு நிதியத்தின் கடைசித் தவணை கட்டி முடிக்கப்பட்டது.

இதனால் கடன் இனிப்பானது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த நெருக்கடியில் வேலை இழந்தவர் பல்லாயிரவர். அதே நிபந்தனைகளின் வழியில் புகையிலைத் துறையும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ரெஜீயிடமிருந்து மீட்டு அரசு நடத்திவந்த சிகரெட் தொழில் 2008இல் மீண்டும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அத்துறைத் தொழிலாளர்கள் 2009-10ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்காரா வீதியில் கூடாரமடித்து 78 நாட்கள் போராடினர். சட்டம் இயற்றிவிட்டால் நாடு என்றென்றும் தப்பிவிடும் என்பதும் இல்லை. 2018இல் லிராவின் மதிப்பு மீண்டும் கடுமையாகச் சரிந்ததை உலகம் கண்டது. சட்டப் புத்தகத்தையும் நாள்தோறும் திறந்து பார்க்கும் கண்கள் வேண்டும்.

நமக்குள்ள பாடம்

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று குழந்தைகளைக் கேட்டுப் பார்க்கலாம். தொழுகை, நோன்பு என்று பலவும் சொல்வர். அது கடனைப் பற்றியது. கடனைச் சாட்சிகளோடு எழுதி வைப்பது பற்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தில் பேரரசு நடத்தியவர்கள் அந்த ஏட்டைத் தாங்கள் எழுதாமல் விட்டனர். பிறர் வந்து எழுதினர்.

உதுமானியரின் தவறு கடன் வாங்கியது மட்டுமன்று. சீர்திருத்தத்தை விட்டுக் கடனை மட்டும் வாங்கியது. கடன் கொடுத்தவர்களின் தவறு வட்டி மட்டுமன்று. நோயை அறிந்திருந்தும், ஈடு இருக்கிறது என்ற தைரியத்தில் மேலும் மேலும் கொடுத்தது. இருதரப்புக்கும் இடையே நின்று விலை கொடுத்தவன், இரண்டு கையெழுத்தையும் காணாத அனத்தோலிய உழவன்.

இன்றும் நாடுகள் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கென்று கடன் வாங்குகின்றன. எத்தனை கோடி, எத்தனை வட்டி என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்று: அந்தப் பணத்தால் திருத்தி எழுதப்படும் கணக்குப் புத்தகம் கடைசியில் யார் மேசையில் இருக்கப் போகிறது? குடிகளின் பிரதிநிதிகள் மேசையில் என்றால் அக்கடனுக்கு ஒரு முடிவு உண்டு. வேறு எங்கேனும் என்றால் பேரப்பிள்ளைகள் வரை அது நீளும்.

நாட்டுக்கு மட்டுமா இது? ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தின் வரவு செலவும், ஒரு வக்பு சொத்தின் வாடகைக் கணக்கும், நம் வீட்டுக் கல்யாணக் கடனும் இதே விதிக்கு உட்பட்டவைதாம். இராயப்பேட்டைப் பள்ளிக்கு மகளை அழைத்துச் செல்லும் தந்தை, வாசலில் உள்ள பெயரைப் பார்க்கும்போது, அப்பெயருடையவர் ஒருகாலத்தில் எந்த நாட்டின் ஏட்டைப் புரட்டச் சென்றார் என்பதை அவளுக்குச் சொல்லட்டும். வீடு திரும்பியதும் குடும்பத்தின் கணக்கு நோட்டை அவள் முன்னே திறந்து வைக்கட்டும்.